ஈரானியக் கடைவீதிகளின் கூரைத் துளைகள்

கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காஷான் போன்ற ஈரானிய நகரங்களில், மின்சாரம் வருவதற்கு முன்பே கட்டப்பட்ட கூரையிட்ட கடைவீதிகளில் நண்பகலிலும் வணிகம் எப்படி நடந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தடித்த செங்கல் விடையின் ஒரு பகுதி. பகலிரவாக மாறும் வெப்பம் செங்கலுக்குள் ஏறத்தாழ 12 செ.மீ. இறங்குவதற்குள் அதன் ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுவதால், அரை மீட்டர் தடிமனுள்ள வளைகூரையின் அடிப்பக்கம் வெயிலின் உச்சத்தை உணர்வதே இல்லை.

என்னை வியக்க வைப்பது குவிமாடங்களின் உச்சியில் உள்ள துளைதான். இரவில் அதன் வேலை எளிது: வெளிக்காற்று குளிர்ந்துவிட, உள்ளே உள்ள வெப்பக் காற்று அடர்த்தி குறைந்து மேலெழுந்து வெளியேறுகிறது, வாயில்கள் வழியே குளிர்காற்று நுழைகிறது. பகலிலோ உட்புறமே குளிர்ந்தது என்பதால், அதே விதிப்படி கனமான உட்காற்று வாயில்கள் வழியே வழிந்தோடி, அனல்காற்று துளை வழியே உள்ளே இறங்க வேண்டும். வீசும் காற்று அதைத் தடுக்கிறது. குவிமாடத்தைத் தழுவிச் செல்லும் காற்று வளைந்து செல்கிறது. வளைந்து செல்லும் எதற்கும் மையம் நோக்கிய விசை தேவை. அந்த விசையை அழுத்த வேறுபாடுதான் தர முடியும். ஆகவே மேலே உள்ள காற்றைவிடக் குவிமாடத்தை ஒட்டிய காற்றின் அழுத்தம் குறைவாக இருந்தே தீர வேண்டும். துளை சரியாக அந்த இடத்தில் இருப்பதால், கூரையடியில் தேங்கிய வெப்பக் காற்று முதலில் உறிஞ்சப்படுகிறது. குவிமாடம் எல்லாப் பக்கமும் ஒரே வடிவம் என்பதால், காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் இது நிகழும். சன்னலுக்கு இந்தப் பேறு இல்லை.

காஷானின் அமீன் அத்தௌலே வணிகக்கூடத்தில், குவிமாடத்தின் கீழே நீர்த்தொட்டியும் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

இந்த நிழலும் காற்றோட்டமும் இருந்ததால்தான் கடைவீதி பொருள் வாங்கிச் செல்லும் இடமாக மட்டும் நிற்கவில்லை. 2010இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த தப்ரீஸ் சந்தையில் பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் வணிகர் விடுதிகளும் ஒரே கூரைத் தொடருக்குள் இணைந்துள்ளன. கண்ணாடிக் கூரையால் வெயிலை உள்ளே அழைத்து, பிறகு குளிர்சாதனத்தால் அதை விரட்டும் இன்றைய வணிக வளாகங்களைவிட இது மேலான பொறியியல் என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய கட்டடங்களில் ஆண்டு முழுதும் அழுத்தமும் வெப்பமும் அளக்கும் ஆய்வுகளுக்குத் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழுந்து காற்றை மறித்தால் துளையின் பகல்நேர உறிஞ்சல் குறையும். எவ்வளவு உயரம் வரை அனுமதிக்கலாம் என்பதை நகரத் திட்டமிடுவோர் அந்த அளவீடுகளைக் கொண்டே முடிவு செய்ய இயலும்.