பழைய ஃபோர்டின் பின்புறத்தை இறக்குமுன் அளந்து பாருங்கள்

1948 வரை ஃபோர்டு கார்களின் பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கர அச்சுக்கு, குறுக்குவாட்டில் ஒரே ஸ்பிரிங்தான். 1949இல் அதை விட்டுவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக நீளவாட்டில் லீஃப் ஸ்பிரிங் (பிளேட்டுகளை அடுக்கிய ஸ்பிரிங்) வைத்தார்கள். பழைய கார்களை மாற்றியமைத்து ஓட்டும் அமெரிக்க ஹாட் ராட்காரர்கள் ‘ஷூபாக்ஸ்’ என்று அழைக்கும் 1949–51 மாடல் இதுதான். இதில் ஆக்சில், ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் உலோகக் கட்டையை, அதாவது பிளாக்கைச் செருகினால், பிளாக்கின் உயரம் எவ்வளவோ அவ்வளவு வண்டியின் பின்புறம் தரையை நோக்கி இறங்கிவிடும். வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலர் அளக்காமலே செய்துவிடுகிறார்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். டேங்க்கை நிரப்பி, பின்சீட்டில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஆக்சில் ட்யூபுக்கும் அது சேஸில் மோதாமல் தடுக்க மேலே உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். பிளாக் உயரத்தைக் கழித்தபின் 3 அங்குலமாவது மிஞ்ச வேண்டும். 5 அங்குலம் இருந்தால் 2 அங்குல பிளாக்தான், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். இன்னும் இறக்கியே தீர வேண்டுமென்றால் ஆக்சிலுக்கு மேலே சேஸை வளைவாக வெட்டி, கனத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். தகடு வைக்காமல் விட்டால் சேஸ் சரியாக அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

ஸ்பிரிங்கை கேஸ் டார்ச்சால் சூடாக்கி இறக்குவதை அடியோடு தவிருங்கள். பதம் போன பிளேட் ஒரு பள்ளத்தில் ஒடிந்துவிடும். பிளேட்டுகளை உருவுவதும் தப்பு: இறக்கம் கிடைக்கும், ஆனால் ஸ்பிரிங் வலுவிழந்து, கிளப்பும்போதெல்லாம் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். பிளாக்குக்குப் பதில் மரக்கட்டை வைத்தால் நசுங்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் வைத்தால் நழுவும்.

ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள். பிளாக் உயரத்துக்கு ஏற்ப நீளமான புதிய போல்ட் வாங்குங்கள். ஸ்பிரிங் பிளேட்டுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை பிளாக்கின் குழியிலும், பிளாக்கின் முளை ஆக்சில் பேடின் (ஆக்சிலின் அடியில் ஸ்பிரிங் பொருந்தும் தட்டு) துளையிலும் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். முளை விளிம்பில் ஏறி நின்றாலும் நட்டு இறுகிவிடும். சில நாளில் ஆக்சில் கோணலாகிவிடும். நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள். 100 மைல் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

அதிகம் பேர் மறப்பது, எஞ்சின் பக்கத்திலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை. 50 அங்குல ஷாஃப்ட்டின் பின்முனை 3 அங்குலம் மேலேறினால் அதன் சாய்வு ஏறத்தாழ 3.4 டிகிரி மாறும். இரு முனையிலும் கிராஸின் (ஷாஃப்ட்டை வளைந்து சுழல விடும் மூட்டு) கோணம் சமமாகவும் 3 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். கோணம் சுத்தமாகப் பூஜ்யமாகிவிட்டாலும் கெடுதிதான்: ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தித் தடம் விழும். பினியன் மூக்கை (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் முன்முனை) உயர்த்த வேண்டுமானால், ஆக்சில் பேடுக்கு அடியில் தடித்த பக்கம் முன்னே வருமாறு இரும்பு ஆப்பு வையுங்கள். ஷாஃப்ட் தரைத் தகட்டின் மேடையில் உரசுகிறதா, ஆக்சிலுக்கு மேலே போகும் சைலன்சர் குழாய் இடிக்கிறதா என்பதையும் ஜாக்கால் ஆக்சிலை முழுக்க உயர்த்திப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் அதற்குள் அடிமுட்டினால் நீளம் குறைந்ததாக மாற்றுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2023 வரை இருந்த வாகனச் சட்டம் 24008ஆம் பிரிவின்படி, மாற்றியமைத்த காரில் சக்கரம் தவிர எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே தொங்கக் கூடாது என்று இருந்தது. டயர் வெடித்தாலும் வண்டி தரையில் உரசாமலிருக்க அது நல்ல அளவுகோல்.

பின்புறத்தை மட்டும் 3 அங்குலம் இறக்கினால், 114 அங்குல வீல்பேஸில் வண்டியின் மூக்கு 1.5 டிகிரி நிமிரும். 25 அடி தூரத்துச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் 8 அங்குலம் மேலே ஏறி, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அன்று இரவே விளக்கைத் திருத்துங்கள்.