போக ஐம்பது, வர ஐம்பது: கேமரா நேரம் பார்க்கும் கணக்கு

மன்னார்குடிப் பக்கம் ரைஸ் மில் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கேட்டில் ஒரு கேமரா, எடைமேடையில் ஒன்று. நெல் லாரி கேட்டுக்குள் நுழையும் முன்பே எடைமேடையில் நிற்பதாகப் பதிவு காட்டியது. கேமரா போட்ட தம்பி வந்து செட்டிங்கில் என்டிபியை ஆன் செய்தார், சரியாகிவிட்டது. ஆனால் எங்கோ இருக்கும் சர்வர் அனுப்பும் நேரம் இங்கே வந்து சேர்வதற்குள் பழசாகிவிடாதா?"

ஆகிவிடும்தான். என்டிபி என்பது நெட் வழியாகச் சர்வரிடம் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் முறை. அந்தத் தாமதத்தை அது ஈடுகட்டும் விதம்தான் அழகு.

கடிகாரம் பிசகுவது இயல்பு. உள்ளே பெரும்பாலும் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். வெயிலில் காய்ந்தால் அதிர்வு சற்றுக் குறையும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே மாதத்துக்கு 50 விநாடி தள்ளிப்போகும்.

சரி, கணக்குக்கு வருவோம். கேமரா தன் கடிகாரப்படி 10:00:00.000க்கு ஒரு சிறு செய்தி அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து, வந்தது 10:00:03.050, பதில் கிளம்பியது 10:00:03.060 என்று எழுதி அனுப்புகிறது. பதில் சேரும்போது கேமராவில் 10:00:00.110.

கேமரா காட்டும் நேரம் தப்பு. ஆனால் போய்வர 110 மில்லிவிநாடி ஆனது என்று அது சொல்வது தப்பில்லை! ஒரே கடிகாரத்தின் இரண்டு நேரங்களைக் கழிக்கும்போது பிசகு அடிபட்டுப் போகிறது. சர்வரில் தங்கிய 10 போக, வழியில் கழிந்தது 100. போக 50, வர 50 என்று வைத்தால், பதில் சேர்ந்த கணத்தில் சர்வரில் 10:00:03.110. அப்படியானால் கேமரா 3 விநாடி பின்தங்கியிருக்கிறது.

போக 80, வர 20 என்றிருந்தால்? 30 மில்லிவிநாடி தப்பும்; இந்த நான்கு எண்களை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனாலும் தப்பு, வழியில் கழிந்த நேரத்தில் பாதியைத் தாண்டாது. அதனால் கடைசி எட்டுப் பதில்களில் சீக்கிரமாகப் போய்வந்ததையே என்டிபி நம்புகிறது. நெரிசலில் மாட்டாத பதில் அது.

1985இல் என்டிபியை வெளியிட்ட அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் மில்ஸ், பிறகும் பல ஆண்டுகள் அமெரிக்க அரசு நிதியில் இதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். நம் டெல்லியிலும் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் இந்திய நேரத்தைக் காக்கிறது. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலும் காசும் இந்த வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

மில்காரருக்கு ஒரு யோசனை: கேமராப் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டி மட்டும் வெளியே நேரம் கேட்கட்டும், கேமராக்கள் பெட்டியிடம் கேட்கட்டும். நெட் போனாலும் கேட்டும் எடைமேடையும் ஒரே நேரம் காட்டும்.