சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: அந்த நாலு ‘க்ளிக்’ எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இங்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள், ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் பலர் இடுப்பில் கட்டியிருப்பது அந்தக் காலத்து கௌபாய் ரிவால்வர். ஒவ்வொரு முறை சுடும் முன்பும் கட்டைவிரலால் பின்னால் இழுக்க வேண்டும், தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். இதை ஏன் இன்னும் விடவில்லை? ஆறு போட இடமிருந்தும் ஒருவர் ஐந்துதான் போடுவேன் என்கிறார். சென்டிமென்டா?”

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில், சென்டிமென்ட் இல்லை, இயற்பியல். முதல் கேள்விக்கு அந்த ரிவால்வரின் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும். அதைத்தான் எனக்கும் ஆசை தீர எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

அடிப்படை சுருக்கமாக. ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் உருளை சிலிண்டர், பின்னால் நின்று தோட்டாவின் அடியில் அடிப்பது ஹேமர். ‘டபுள் ஆக்‌ஷன்’ ரிவால்வரில் டிரிகரை அழுத்தினாலே ஹேமர் பின்னால் போய்த் திரும்பி அடிக்கும். ‘சிங்கிள் ஆக்‌ஷனில்’ டிரிகருக்கு ஒரே வேலைதான், பின்னால் இழுத்து வைத்த ஹேமரை விடுவிப்பது. இழுப்பது நம் கட்டைவிரல். சாமுவேல் கோல்ட் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836இல். அவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து, 1873இல் அவருடைய கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்குக் கொடுத்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’தான் இன்றைக்கும் எல்லோர் மனதிலும் இருக்கும் உருவம்.

அந்த 1873 மாடலை மெதுவாக இழுத்தால் நான்கு ‘க்ளிக்’ கேட்கும். கோல்ட் என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்காக வேண்டுமென்றே வைத்தது என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அதே கம்பெனியின் 1851 மாடலில் மூன்றுதான் கேட்கும், பெயர் அப்போதும் அதே நான்கு எழுத்துதான். ஒவ்வொரு சத்தமும் ஒரு இரும்புத் துண்டு இன்னொன்றில் விழும் சத்தம், அவ்வளவுதான்.

முதல் க்ளிக், ஹேமர் மூன்று நான்கு மில்லிமீட்டர் நகர்ந்ததும் டிரிகரின் மேல்நுனி ஹேமரின் அடியில் உள்ள ‘சேஃப்டி’ வெட்டில் விழுவது. இரண்டாவது, பாதி தூரத்தில் உள்ள ‘ஹாஃப் காக்’ வெட்டு. அந்த நிலையில் சிலிண்டர் தாராளமாகச் சுற்றும், பக்கத்துக் கதவைத் திறந்து தோட்டா போடலாம். நான்காவது, டிரிகர் நுனி முழு வெட்டில் உட்காருவது. மூன்றாவது க்ளிக் மட்டும் டிரிகரிலிருந்து வருவதல்ல, ‘போல்ட்’டிலிருந்து வருகிறது. இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் உட்காரப் போகிறேன்.

போல்ட் என்றதும் திருகும் போல்ட்டை நினைக்க வேண்டாம். இது சிலிண்டருக்குக் கீழே படுத்திருக்கும் ஒரு சின்ன நெம்புகோல். முன்பக்கம் ஒரு கட்டையான தலை, பின்பக்கம் மெல்லிய இரண்டு கால்களாகப் பிளந்த வால். தலை, சட்டத்தில் உள்ள சிறு ஜன்னல் வழியே மேலே வந்து சிலிண்டரின் வெளிச்சுவரில் உள்ள ஆறு பள்ளங்களில் ஒன்றில் நுழைந்திருக்கும்வரை சிலிண்டர் அசையாது. குண்டு கிளம்பும் நொடியில் தோட்டா உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் துளையும் (அதுதான் ‘அறை’), குண்டு வெளியேறும் குழாயான பேரலும் ஒரே நேர்கோட்டில் நிற்க இந்தத் தலைதான் பொறுப்பு.

இப்போது ஹேமரை இழுக்கிறோம். ஹேமரோடு ஊசியால் இணைந்த ‘ஹேண்ட்’ என்ற தகடு மேலே ஏறி, சிலிண்டரின் பின்பக்கப் பல் ஒன்றைத் தள்ளி 60 டிகிரி சுற்ற வேண்டும். சைக்கிள் பின்சக்கரத்தின் ஃப்ரீவீலில் நடக்கிற அதே பல்-தள்ளு வேலை. ஆனால் பூட்டியிருக்கும் சிலிண்டரை எப்படிச் சுற்றுவது? ஹேமரின் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. ஹேமர் கிளம்பியதுமே அது போல்ட்டின் ஒரு காலை மேலே தூக்குகிறது. வால் ஏறினால் தலை இறங்கும், பூட்டு திறந்துவிடும். ஹேண்ட் தள்ள, சிலிண்டர் சுற்றுகிறது. ஹேமர் இன்னும் பின்னால் போகப்போகக் குமிழ் அந்தக் காலின் விளிம்பைத் தாண்டிவிடும், கால் நழுவும், ஸ்பிரிங் தலையை மேலே அடிக்கும். இந்த அடிதான் மூன்றாவது க்ளிக். தலை நேராகப் பள்ளத்தில் விழுவதில்லை. பள்ளத்துக்குச் சற்று முன்னால் செதுக்கியிருக்கும் சரிவில் விழுந்து, சிலிண்டர் மீதித் தூரத்தைச் சுற்றி முடிக்கும்போது வழுக்கி உள்ளே இறங்குகிறது. இறங்கும் நேரமும் டிரிகர் முழு வெட்டில் விழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, சுட்டாகிவிட்டது. ஹேமர் முன்னால் பாய்கிறது, குமிழும் வந்த வழியே திரும்ப வேண்டும், வழியிலோ போல்ட்டின் கால் நிற்கிறது. இந்தப் பக்கமும் அது காலைத் தள்ளினால் பூட்டு திறந்து எல்லாம் கெட்டுவிடும். அதனால்தான் குமிழின் முகத்தைச் சாய்வாகச் செதுக்கி, காலையும் மெல்லிசாக, வளைகிற மாதிரி விட்டிருக்கிறார்கள். குமிழ் திரும்பும்போது காலை பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டு நழுவிப் போகும். கால் மறுபடி தன் இடத்துக்குத் துள்ளி வந்து, அடுத்த சுற்றுக்குத் தயாராகக் குமிழின் தலைமேல் நிற்கும். போகும்போது தூக்கு, வரும்போது ஒதுங்கு! ஒரு குமிழ், வளைகிற ஒரு கால், இவ்வளவை வைத்து ஒரு வழிப்பாதையையே இரும்பில் எழுதிவிட்டார்கள். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. எனக்கு இதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

உடைவதும் பெரும்பாலும் இந்த இடம்தான். ஒவ்வொரு சுற்றிலும் வளையும் அந்தக் கால், அதை அழுத்தும் இரட்டைக்கால் தகடு ஸ்பிரிங், இரண்டும் உலோகச் சோர்வில் ஒருநாள் முறியும். 1950களில் ரூகர் கம்பெனி இதே வடிவத்தை மறுபடி செய்தபோது தகடு ஸ்பிரிங்குகளைத் தூக்கிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டதற்குக் காரணம் இதுதான். காட்டில் ஒரு வாரம் இருக்கப் போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இனி ஐந்து தோட்டா விஷயம். 1873 வடிவத்தில் ஹேமர் முழுக்க முன்னால் இருக்கும்போது அதன் ஊசி, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ரிவால்வர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 10 ஜூல் ஆற்றல். பிரைமர் வெடிக்க ஒரு ஜூல்கூட வேண்டாம். முதல் க்ளிக்கின் சேஃப்டி வெட்டில் நிறுத்தலாமே என்றால், அந்த அடி முழுவதையும் தாங்க வேண்டியது டிரிகரின் மெல்லிய நுனி, அது முறிந்துவிடும். 1876 ஜனவரியில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிடா ஊரில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வயட் எர்ப் ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தபோது ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து, ஹேமர் நாற்காலியில் பட்டு வெடித்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு போனது, உள்ளூர் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. ஆகவே ஐந்து போட்டு, ஹேமரை வெற்று அறையின் மேல் இறக்கி வைப்பதுதான் முறை. அந்த வெற்று அறையில் ஈமச்செலவுக்குப் பணத்தைச் சுருட்டி வைப்பார்கள் என்ற கதையெல்லாம் கதையாகவே இருக்கட்டும்.

1973இல் ரூகர் இதற்கு ஒரு தீர்வைப் போட்டது. ஊசி ஹேமரில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஹேமரால் அதை நேராகத் தொடவே முடியாது. டிரிகரை அழுத்திப் பிடித்தால் மட்டும் ஒரு தகடு மேலே ஏறி இரண்டுக்கும் நடுவே வந்து அடியைக் கடத்தும். டிரிகரை அழுத்தாமல் எப்படி விழுந்தாலும் அடி ஊசிக்குப் போகாது, ஆறும் போடலாம். வாங்கும்போது சட்டத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று திருகு இருந்தால் பழைய ரூகர், திருகுக்குப் பதில் இரண்டு ‘பின்’ (முளை) இருந்தால் புதியது. பழையதை அந்தக் கம்பெனியே இலவசமாக மாற்றித் தருகிறது. மாற்றியதா என்று தெரியாவிட்டால் ஐந்தோடு நிறுத்துவதுதான் புத்தி.

பழைய துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றாவது க்ளிக் பற்றித் தெரிந்தது நன்றாகக் கைகொடுக்கும். காலியாக இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சிலிண்டரை விரலால் லேசாகப் பிடித்தபடி ஹேமரை மெதுவாக இழுங்கள். டிரிகர் முழு வெட்டில் விழுந்த பிறகும் போல்ட் பள்ளத்தில் இறங்கவில்லை என்றால் ஹேண்ட் தேய்ந்திருக்கிறது. கோல்ட் வகையில் சிலிண்டரைச் சுற்றி வளையமாக ஒரு கீறல் இருந்தால் போல்ட் சீக்கிரம் விழுகிறது, அல்லது முந்தைய சொந்தக்காரர் ஹாஃப் காக்கிலிருந்தே ஹேமரை இறக்கும் பழக்கமுள்ளவர். முழுக்க இழுத்து அப்புறம்தான் இறக்க வேண்டும், அப்போதுதான் போல்ட் பள்ளத்தில் இருக்கும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே 0.15 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் நல்லது.

ட்யூனிங் என்றால் பலர் டிரிகரை லேசாக்குவது என்றே நினைக்கிறார்கள். துல்லியத்துக்கு அதைவிட முக்கியம் சிலிண்டர் அறைகளின் முன்வாய். .45 கோல்ட் என்ற தோட்டா வகையின் ஈயக் குண்டின் விட்டம் சுமார் 11.5 மில்லிமீட்டர். ஆறு முன்வாயும் குண்டின் அளவுக்குச் சரியாக, ஒன்றுபோல் இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கி, பேரலுக்குள் தளர்ந்து போய், சூடான வாயு அதன் ஓரமாகக் கசிந்து ஈயத்தைப் பேரலில் பூசிவிடும். முன்வாயை ரீமர் என்ற துளை விரிக்கும் கருவி போட்டுச் சரிசெய்வது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. வெட்டுகளையும் டிரிகர் நுனியையும் வீட்டில் அரம் போட்டுத் தேய்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது, அது போய்விட்டால் கைபடாமலே ஹேமர் விழும் துப்பாக்கி கையில் இருக்கும்.

எந்தத் தோட்டா என்பதற்குப் பள்ளிக்கூட உந்த விதியே போதும். .44 மேக்னம் என்ற சக்தி மிகுந்த தோட்டாவின் 15.5 கிராம் குண்டு விநாடிக்கு 400 மீட்டரில் போனால், 1.3 கிலோ ரிவால்வர் விநாடிக்கு நாலரை மீட்டருக்கு மேல் பின்னால் வரும். வாயுவின் பங்கு தனி. இந்த உதைப்பில் வளைந்த கைப்பிடி உள்ளங்கையில் உருண்டு ஹேமரைக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. உதைப்பின் இன்னொரு விளைவும் உண்டு. துப்பாக்கி பின்னால் பாயும்போது மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் நிலைமத்தால் அப்படியே நிற்கப் பார்க்கும். குண்டைப் பிடித்திருக்கும் தோட்டாக் கூடான கேஸின் வாய் இறுக்கமாக மடிக்கப்படவில்லை என்றால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் பிதுங்கி, பேரலில் இடித்து, சிலிண்டர் சுற்றாமல் நின்றுவிடும். பழக வசதியான, மிதமான .45 கோல்ட் பெரும்பாலோருக்குப் போதும்.

கரடிக்காகத்தான் என்பவர்களுக்கு ஒன்று. அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்து டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழுவினர் 2008இல் மிளகாய் ஸ்பிரே பற்றியும் 2012இல் துப்பாக்கி பற்றியும் ஆய்வு வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளில் 92 சதவீத முறை ஸ்பிரே வேலை செய்திருக்கிறது. இடுப்பில் ரிவால்வர் இருந்தாலும் மார்பில் ஸ்பிரே இருக்கட்டும் என்பதே என் கருத்து. துப்பாக்கி பற்றி இப்படி அமைதியாக எண்ணிப் பார்க்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வர வேண்டும். 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் வைத்த ஒரு நிபந்தனையால் துப்பாக்கிக் காயங்கள் பற்றிய அரசு சுகாதார ஆய்வுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய பணமே இல்லை. 2020 நிதியாண்டுக்குத்தான் இரண்டரை கோடி டாலர் ஒதுக்கினார்கள். துப்பாக்கியை விரும்புகிறவர், வெறுக்கிறவர் இருவருக்குமே இது நஷ்டம்.

எடுத்துப் போவது பற்றி: முதுகுப்பையின் இடுப்புப் பட்டை உறையை மறைத்துவிடும் என்பதால் அலாஸ்காவில் பலர் மார்பு உறை கட்டுகிறார்கள், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றாலும் நனையாது. ஹேமரின் மேல் மாட்டும் தோல் வளையம் கட்டாயம் வேண்டும். எர்ப்புக்கு அன்றைக்கு அது இருந்திருந்தால் கோட்டில் ஓட்டை விழுந்திருக்காது. மழை நாளில் கூடாரத்துக்கு வந்ததும் தோட்டாக்களை எடுத்துவிட்டு ரிவால்வரை உறையிலிருந்து வெளியே வையுங்கள், தோல் ஈரத்தை விடாது, ஒரே இரவில் துரு பிடிக்கும். சிலிண்டர் சுற்றும் அச்சான நடு ஊசியை உருவினால் சிலிண்டர் தனியாக வந்துவிடும். அந்த அச்சு ஊசியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி மாட்டினால் அன்றைய பராமரிப்பு முடிந்தது.