5 வோல்ட் ஏழாகும்போது

பரணிலிருந்து இறக்கிய பழைய ஹோம் கம்ப்யூட்டரைத் தூசி தட்டியதும் கை நேராகச் சுவிட்சுக்குத்தான் போகும். "ஓடுதா, பார்ப்போம்" என்ற அந்த ஆசைதான், இத்தனை வருஷம் பத்திரமாக இருந்த சிப்புகளைக் காவு வாங்குவது. கம்ப்யூட்டர் பழுதாகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை கெட்டிருந்தாலே போதும்.

1982-இல் வந்த கமடோர் 64-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பவர் சப்ளை செங்கல் கனத்தில் தனியாகத் தரையில் கிடக்கும். ஏழு முள் பிளக் வழியாக 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி என்று இரண்டு விதமாக மின்சாரம் உள்ளே போகிறது. அந்த 9 வோல்ட்டை கம்ப்யூட்டரின் போர்டே மாற்றிச் சீராக்கிக்கொள்கிறது. இசைக்கான சிப்புக்குத் தேவைப்படும் 12 வோல்ட் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் 5 வோல்ட்டை உள்ளே யாரும் சரிபார்ப்பதில்லை. செங்கல் கொடுத்தது எதுவோ அதுவே பிராசஸருக்கும் மெமரிக்கும் போய்ச் சேரும். வில்லங்கம் இங்கேதான்.

செங்கலுக்குள் நடப்பது எளிமையான வேலை. டிரான்ஸ்பார்மர் வீட்டு மின்சாரத்தைச் சில வோல்ட்டுக்கு இறக்குகிறது. டையோடுகள் அதை ஒரே திசையில் ஓட வைக்கின்றன. பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (பழைய மெக்கானிக்குகளுக்கு அது 'கண்டென்சர்') மேடு பள்ளங்களை நிரவுகிறது. கடைசியாக ரெகுலேட்டர், மிச்சமிருக்கும் அதிகப்படியை வெப்பமாக வெளியேற்றிவிட்டு 5 வோல்ட்டை மட்டும் வெளியே விடுகிறது.

ரெகுலேட்டரை, குழாயைத் திருகியபடி பாத்திரத்தில் நீர்மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு கை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்தான் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டர்கள் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதாவது குழாய் மூடிக்கொள்வதில்லை, முழுக்கத் திறந்தபடி சிக்கிக்கொள்கிறது. கட்டுப்பாடில்லாத வோல்ட்டேஜ் அப்படியே வெளியே பாய்கிறது. ரெகுலேட்டரின் எர்த் கால் டிரை சால்டராகி (பற்றவைப்பு சரியாக ஒட்டாமல்) விட்டுப்போனாலும் இதே கதைதான்: தரை எங்கே என்று தெரியாத ரெகுலேட்டர் வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். கமடோரின் செங்கல்கள் பலவற்றில் உள்ளே எபாக்ஸி பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடும் வெளியேறாது, பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

5 வோல்ட் குறைந்தால் பெரிய சேதமில்லை, கம்ப்யூட்டர் தடுமாறி நிற்கும், அவ்வளவுதான். கூடினால் நிலைமை வேறு. அந்தக் காலத்துச் சிப்புகளுக்கு 4.75-லிருந்து 5.25 வரைதான் பழக்கம். கமடோரின் 4164 மெமரி சிப்பு தாங்கும் உச்சமே 7 வோல்ட். செங்கல் கெட்டால் மெமரி முதலில் பலியாவதில் ஆச்சரியமில்லை. மெமரி சிப்பை இன்றும் தேடிப் பிடித்துவிடலாம். தயாரிப்பு எப்போதோ நின்றுபோன இசைச் சிப்பு போனால்தான் வயிறு எரியும்.

பவர் விளக்கு எரிகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அது 4 வோல்ட்டிலும் எரியும், 7 வோல்ட்டிலும் எரியும்.

சரி, எப்படிச் சோதிப்பது? கம்ப்யூட்டரோடு சேர்க்காமல், பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். ஆனால் சும்மா அளந்தால் பாதி உண்மைதான் தெரியும். சுமையே இல்லாத சப்ளை பெரும்பாலும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். 4.7 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டின் குறுக்கே கட்டுங்கள். சுமார் ஒரு ஆம்பியர் ஓடும், ஐந்து வாட்டுக்கு மேல் சூடாகும், அதைக் கையால் தொடாதீர்கள். அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது 5.05 காட்டிவிட்டு, சூடேறியதும் 5.4, 5.6 என்று மெல்ல நகர ஆரம்பித்தால் அந்தச் செங்கல் குப்பைக்குத்தான். என்னைக் கேட்டால், ஒழுங்காக இருக்கும் பழைய செங்கலையும் நம்ப வேண்டாம், புதிதாக ஒன்றை மாட்டிவிடலாம்.

கெப்பாசிட்டர் கெடுவது இன்னொரு விதம். அலுமினியத் தாளுக்கு நடுவே ஈரமான காகிதம், அதுதான் எலக்ட்ரோலிட்டிக். வருஷக்கணக்கில் அந்த ஈரம் உலர்ந்துபோகும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பழைய கணக்கு. உலர்ந்ததும் பள்ளங்களை நிரவும் சக்தி போய்விடும். 7805 போன்ற ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வந்தால்தான் 5 வோல்ட் தர முடியும். பள்ளம் அதற்கும் கீழே இறங்கினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை வெளியீடு சரியும். திரையில் நெளிந்து ஊரும் பட்டை தெரியும், காரணமே இல்லாமல் ரீசெட் ஆகும். மீட்டரோ சராசரியைக் காட்டி 'எல்லாம் சரி' என்று சொல்லிவிடும். இங்கே வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்தான் பேச வேண்டும். மீட்டரின் ஏசி அளவையும் உதவும், ஆனால் மலிவான மீட்டர்கள் சில அந்த நிலையில் டிசியையே இரண்டு மடங்காகக் காட்டி ஏமாற்றும்.

அதே 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற ஹோம் கம்ப்யூட்டரில் ரெகுலேட்டர் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வருவது சீராக்கப்படாத 9 வோல்ட், அதுவும் பிளக்கின் நடுமுனை மைனஸ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ், மாற்றிச் செருகினால் கதை முடிந்தது. உள்ளே இருக்கும் 4116 மெமரி சிப்புகளுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். 5-ஐ ரெகுலேட்டர் தர, 12-ஐயும் மைனஸ் 5-ஐயும் ஒரு சுருளும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த சின்ன கன்வெர்ட்டர் செய்து கொடுக்கிறது. மெமரி சிப்பு ஒன்று ஷார்ட் ஆனால் கன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர் எரியும். டிரான்சிஸ்டர் எரிந்து மைனஸ் 5 காணாமல் போனால் மீதி சிப்புகளும் போகும். கோழியா முட்டையா கதைதான். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு சுவிட்ச் போட்டால் அதுவும் எரியும்.

பிபிசி மைக்ரோ, ஆப்பிள் டூ போன்றவற்றில் பெரும்பாலும் ஸ்விட்ச்மோடு சப்ளை, அதாவது மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டேஜை இறக்கும் வகை. இதைத் திறக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: 230 வோல்ட்டில் ஓடும்போது உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போகாது. ரெசிஸ்டர் வழியாக வடித்து, அளந்து பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அங்கேயே மின்சார நுழைவாயிலின் குறுக்கே, மின் இரைச்சலை வடிகட்டும் காகிதக் கெப்பாசிட்டர் ஒன்றிருக்கும். அதன் மேலுறையில் வெடிப்பு விட்டு ஈரம் புகுந்திருந்தால் புகையைக் கக்கிவிடும். எனக்கு ஒரு பழைய மானிட்டரில் இது நடந்தது. கால் மணி நேரம் நன்றாக ஓடியது, அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், அறை முழுக்கக் காட்டமான நெடி. வேடிக்கை என்னவென்றால் மானிட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது! உறையில் கீறல் தெரிந்தாலே சுவிட்ச் போடும் முன் மாற்றிவிடுவது நல்லது.

சப்ளை தேறிவிட்டது என்றால் கடைசிச் சோதனை போர்டில். சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை மெமரியின் 16-ஆம் காலிலும் சிவப்பு முனையை 8-ஆம் காலிலும் வையுங்கள். 4164 என்றால் 5 வோல்ட் இருக்க வேண்டும். 4116 என்றால் அதே காலில் 12 இருப்பதுதான் சரி. மீட்டரைத் தொடும் முன் சிப்பின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.