தமிழில் எழுதிவைத்து ஜப்பானியம், கொரியன் படிக்காதீர்கள்

"எழுத்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பேசக் கத்துக்கறேன்." இப்படிச் சொல்லிக்கொண்டு, நோட்டு முழுக்கத் தமிழ் எழுத்தில் வாக்கியங்களோடு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. மாதக்கணக்கில் படித்ததை அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. புதிதாகக் கற்பிப்பதைவிடப் பழகியதை மறக்கவைப்பது பெரும்பாடு.

தமிழில் 'க' ஒன்றுதான். 'கல்' என்பதில் ஓர் ஒலி, 'பங்கு' என்பதில் வேறு ஒலி, யோசிக்காமலே மாற்றிக்கொள்கிறோம். ஜப்பானியத்தில் இவை தனித்தனி எழுத்துகள். 'ககி' என்று எழுதிவைத்தீர்களே, அது பழமா, சாவியா? நடுவில் 'கல்'லின் ஒலி வந்தால் பழம், 'பங்கு'வின் ஒலி வந்தால் சாவி. "அப்படியானால் இரட்டித்து எழுதுகிறேன்" என்பார்கள். அதுவும் ஆகாது. ஜப்பானியத்தில் இரட்டித்தாலே சொல் மாறிவிடும்: 'கித்தே' அஞ்சல்தலை; அதையே இரட்டிக்காமல் சொன்னால் 'வந்து'.

கொரியனில் சிக்கல் இன்னும் ஒரு படி மேல். தீ, புல், கொம்பு மூன்றையும் தமிழில் 'புல்' என்றுதான் எழுத முடியும். (நடுவில் இருப்பது தற்செயலாக நம் புல்லேதான். அதை வைத்து இரண்டு மொழியும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிடாதீர்கள்.) வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். புல்லுக்குத் தாள் நன்றாக ஆட வேண்டும். கொம்புக்கு ஆடவே கூடாது. தொண்டையை இறுக்கி, 'அப்பா'வில் வரும் இரட்டைப் 'ப' போலத் தொடங்குங்கள். தீ, சற்றுத் தாழ்ந்த குரலில் தளர்வாகத் தொடங்கும்.

ஆங்கில எழுத்தில் எழுதினால் தப்பிக்கலாமா? தென்கொரியத் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் பார்த்துத்தான் நம் பத்திரிகைகள் 'சியோல்' என்கின்றன. கொரியர் சொல்வதில் 'யோ'வே கிடையாது.

எழுத்து ஒன்றும் மலையில்லை. கொரியனுக்கு அடிப்படை எழுத்துகள் 24. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டலாம். ஜப்பானியத்தில் ஒலியைக் குறிக்கும் எழுத்துவரிசைகள் இரண்டு: ஹிரகானா 46, கதகானா 46. நாளுக்கு ஐந்து எழுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையால் எழுதுங்கள். கதகானாவைப் பாதியில் விடாதீர்கள். அதில் 'ஷி', 'ட்ஸு' இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீளக் கோட்டை ஷிக்குக் கீழிருந்து மேலே, ட்ஸுவுக்கு மேலிருந்து கீழே இழுங்கள். கோட்டின் திசையைக் கவனிக்காதவர்கள் கடைசிவரை குழம்புகிறார்கள். இவை போக 'கான்ஜி' எனும் சீன வழி எழுத்துகள் உண்டு; பொதுப்பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136. தனியாக மனப்பாடம் செய்யாமல் சொற்களோடு சேர்த்தே படியுங்கள்.

இலக்கணத்தில் வேறு ஒரு வேடிக்கை. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை மூன்று மொழியிலும் இதே வரிசையில்தான் சொல்கிறோம். வேற்றுமை உருபு போன்றவை பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். ஆனால் நம்மவர்கள் ஆங்கில விளக்கத்தைப் படித்து, வாக்கியத்தைத் தலைகீழாக்கி, திரும்பவும் புரட்டிப்போட்டுத் திணறுகிறார்கள். தயவுசெய்து தமிழிலேயே யோசியுங்கள்.

அதற்காக இரண்டையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். கொரியனில் தளர்வான வல்லெழுத்து உயிர்களுக்கு நடுவே நம் தமிழ்போலவே மெலியும். அதே பழக்கத்தில் ஜப்பானியம் பேசினால் பழம் சாவியாகிவிடும். ஒன்றில் இடைநிலைத் தேர்ச்சி வந்தபிறகு மற்றது.

தொலைக்காட்சித் தொடரில் நண்பர்கள் பேசிக்கொள்வதை அப்படியே பெரியவரிடம் பேசவேண்டாம். முன்பின் தெரியாதவரை 'டா' போட்டு அழைத்தால் எப்படி இருக்கும்? முதல் ஆண்டு மரியாதை வடிவம் மட்டும் போதும்.

தேர்வு பற்றி. ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேசிக்காட்டவும் வேண்டாம், எழுதிக்காட்டவும் வேண்டாம். அதன் தொடக்கநிலையான என்5 தேறியவருக்குப் பேச வரும் என்று நம்பாதீர்கள். மொத்தம் 180க்கு 80 எடுத்தாலும் கேட்டல் பகுதியில் 60க்கு 19 இல்லையென்றால் தோல்விதான். கொரியனுக்கான டோபிக் தேர்வின் மதிப்பெண் இரண்டே ஆண்டுதான் செல்லும். படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கப் போகும் நேரத்தை முதலில் கணக்கிட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.