அடுத்த பருவத்தில் அதிக யார்டு ஓடப்போவது யார்?

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் முதுநிலை படிக்கும் வாசகர் ஒருவர், தம் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் வரும் பருவத்தில் பந்துடன் அதிக தூரம் ஓடப்போகிறவர் யார் என்று கோடை விடுமுறையிலேயே நண்பர்கள் வாதிடத் தொடங்கிவிடுவதாகவும், இதைக் கணக்கிட்டுச் சொல்ல முறையான வழி ஏதும் உண்டா என்றும் கேட்டிருந்தார். வழி உண்டு. அது ஒரே ஒரு பெயரைக் கையில் தராது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிகழ்தகவைத் தரும். அந்த எண்களைப் பெறும் முறையில் புள்ளியியலின் மிக அழகான கருத்து ஒன்று ஒளிந்திருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு, அதாவது பத்து கெஜம், முன்னேற வேண்டும். பந்தை எறிந்து முன்னேறலாம், அல்லது ஒருவர் அதை அணைத்துப் பிடித்தபடி எதிரணியைப் பிளந்துகொண்டு ஓடலாம். ஓடுவதையே முதன்மைப் பணியாகக் கொண்டவர் ரன்னிங் பேக். பருவ முடிவில் அவர் சேர்க்கும் மொத்த யார்டு என்பது, பந்து அவர் கைக்கு வந்த தடவைகளையும் ஒரு தடவைக்கு அவர் ஓடிய சராசரித் தூரத்தையும் பெருக்கினால் வருவது. விசிறிகள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அணியில் முதலிடம் யாருக்கு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முதல் எண்தான்.

விஸ்கான்சின் அணியின் மெல்வின் கார்டனை எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டு அவருக்கு 62 தடவைதான் பந்து கிடைத்தது. அதில் அவர் 621 யார்டு ஓடினார். அதாவது தடவைக்குப் பத்து யார்டு, நம்ப முடியாத சராசரி. 2013இல் 206 தடவைகளில் 1,609 யார்டு; சராசரி 7.8 ஆகக் குறைந்தது. 2014இல் 343 தடவைகளில் 2,587 யார்டு. சராசரி மேலும் குறைந்து 7.5 ஆனது. ஆண்டுதோறும் சராசரி சரிந்துகொண்டே வர, மொத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு பருவத்தில் 2,587 யார்டு என்பது பல்கலைக்கழகக் கால்பந்தின் முதல் நிலைப் பிரிவில் அதுவரை பேரி சாண்டர்ஸ் ஒருவர் மட்டுமே தாண்டியிருந்த உயரம். ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்காக 1988இல் அவர் ஓடியது 2,628 யார்டு.

கார்டனின் திறமை குறைந்துகொண்டே வந்ததா? இல்லை. 2012இன் பத்து என்ற சராசரியைத்தான் நாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டோம். ஒவ்வொரு ஓட்டமும் ஒரே அளவில் இருப்பதில்லை: பெரும்பாலானவை இரண்டு, மூன்று, நான்கு யார்டில் முடியும், சில பின்னோக்கியே போகும், எப்போதாவது ஒன்று எழுபது யார்டு பாய்ந்துவிடும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்தச் சிதறலின் திட்ட விலக்கத்தை, அதாவது ஓட்டங்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவை, எட்டு யார்டு எனக் கொள்வோம். பள்ளியில் படித்தபடி, சராசரியின் நிச்சயமின்மை என்பது திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. 62 ஏறத்தாழ 64. அதன் வர்க்கமூலம் எட்டு. ஆகவே பத்து என்ற அந்தச் சராசரி ஒரு யார்டு அளவுக்கு அங்குமிங்கும் ஊசலாடக் கூடியது. இரண்டு நீண்ட பாய்ச்சல்கள் குறைந்திருந்தால் அது எட்டாக இருந்திருக்கும்.

இன்னொரு செய்தியும் நம் கையில் இருக்கிறது. கல்லூரி ரன்னிங் பேக்குகள் பொதுவாகத் தடவைக்கு ஐந்து யார்டை ஒட்டியே ஓடுகிறார்கள். அவர்களின் உண்மையான திறன்கள், அதாவது அதிர்ஷ்டத்தைக் கழித்தபின் மிஞ்சும் வேறுபாடுகள், அந்த ஐந்தைச் சுற்றி 0.8 யார்டு திட்ட விலக்கத்துடன் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது எட்டின் வர்க்கத்தை 0.8இன் வர்க்கத்தால் வகுத்தால், அதாவது 64ஐ 0.64ஆல் வகுத்தால், 100 வருகிறது. இந்த நூறுக்குத் தெளிவான பொருள் உண்டு. எந்த வீரரின் கணக்கை எடுத்தாலும், அவர் ஓடாத நூறு சாதாரண ஓட்டங்களை, ஒவ்வொன்றும் ஐந்து யார்டு என்று, அவர் கணக்கில் சேர்த்துவிட்டுப் பிறகு சராசரி காண வேண்டும். கொதிக்கும் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவுவதைப் போன்றதுதான் இது: ஊற்றுவது எப்போதும் ஒரே அளவு, செம்பில் இருக்கும் வெந்நீர் உடனே ஆறிவிடும், அண்டாவில் இருப்பது அப்படி ஆறாது.

செய்து பார்ப்போம். 2012 முடிவில் கார்டனின் 62 ஓட்டங்களோடு நூறைச் சேர்த்தால் 162 ஓட்டங்கள், 1,121 யார்டு, சராசரி 6.9. அடுத்த ஆண்டு அவர் உண்மையில் ஓடியது 7.8. பத்திலிருந்து இறங்கும் என்று திசையைச் சரியாகச் சொன்ன கணக்கு, கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டது. 2012, 2013 இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் 268 ஓட்டங்கள், 2,230 யார்டு. நூறைச் சேர்த்துக் கணக்கிட்டால் 7.4. அடுத்த ஆண்டு நடந்தது 7.5. வாழ்நாள் முழுவதும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள்கூட இவ்வளவு நெருங்கியிருப்பார்களா என்பது ஐயமே.

மனிதர்களின் உயரத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886இல் விவரித்த போக்கின் தொடர்ச்சி இது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை அவர் கண்டார். விளையாட்டில் இதைப் பளிச்சென்று காட்டியவர்கள் பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற புள்ளியியலாளர்கள். 1970ஆம் ஆண்டின் பேஸ்பால் பருவத்தில் பதினெட்டு ஆட்டக்காரர்களின் முதல் 45 வாய்ப்புகளை மட்டும் வைத்து, ஒவ்வொருவரின் சராசரியையும் பொதுச் சராசரியை நோக்கி இழுத்தபோது, மீதிப் பருவத்தைக் கணிப்பதில் மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அந்தப் பட்டியலின் தலைப்பில் இருந்த ராபர்ட்டோ கிளமென்டேயை அது தேவைக்கு மேல் கீழே இழுத்தது. அவர் உண்மையிலேயே அபூர்வமான ஆட்டக்காரர். கார்டனுக்கு 2013இல் நேர்ந்ததும் அதுவே. கூட்டத்துக்கு நியாயம் செய்யும் முறை, அபூர்வமான தனி ஒருவருக்கு அவ்வப்போது அநியாயம் செய்கிறது.

இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால் வளரும் மூடநம்பிக்கைகள் பல. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் படம் வந்தால் அந்த வீரருக்கு இறங்குமுகம்தான் என்று அமெரிக்காவில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை. திறமையும் அதிர்ஷ்டமும் உச்சத்தில் சேர்ந்த வாரத்தில்தான் ஒருவர் அட்டைக்கே வருகிறார். அடுத்த வாரம் திறமை உடன் வரும், அதிர்ஷ்டம் வர வேண்டிய கட்டாயம் இல்லை. நாம் இதையே கண்பட்டுவிட்டது என்று சொல்லிப் பூசணிக்காய் உடைக்கிறோம். உடைத்த பிறகு எல்லாம் சராசரிக்குத் திரும்புவதால் பூசணிக்காய்க்குப் புகழ் சேர்கிறது.

சரி, சராசரி கிடைத்துவிட்டது. எத்தனை தடவை பந்து கிடைக்கும்? ஓர் அணியின் ஆட்டமுறை மாறாத வரை, ரன்னிங் பேக்குகள் ஓடும் மொத்தத் தடவைகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, மாறுவது பங்கீடுதான். 2013இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் ஒயிட் 221 தடவையும், கார்டன் 206 தடவையும், கோரி கிளெமென்ட் 67 தடவையும் ஓடினார்கள், கூட்டினால் 494. ஒயிட் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 2014இல் கார்டன் 343, கிளெமென்ட் 147, கூட்டினால் 490. ஒயிட் விட்டுச் சென்ற 221இல் ஏறக்குறைய முழுவதையும் மீதமிருந்த இருவரே பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். எல்லா அணியிலும் இவ்வளவு துல்லியமாக அமையாது. ஆயினும் யார் விடைபெறுகிறார், அவருடைய ஓட்டங்கள் யாரிடம் போய்ச் சேரும் என்பதே கணிப்பின் உயிர்நாடி.

அதே கணக்கின்படி 2015இல் கார்டன் போனபின் முதலிடம் கிளெமென்டுக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அடிவயிற்றுத் தசைக் காயத்தால் கிளெமென்ட் நான்கு ஆட்டங்களே ஆடினார். முதலிடம் பிடித்தவர் டாரே ஒகுன்போவாலே, 819 யார்டுடன். உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, அதற்கு முந்தைய பருவத்தில்தான் தடுப்பாட்டத்திலிருந்து இந்த இடத்துக்கு மாறியவர் அவர். எதிர்பாராத புதியவர் ஒருவராலும் கணிப்பு கவிழலாம்: 2009இல் 1,517 யார்டு ஓடிய ஜான் கிளே 2010இல் 1,012 யார்டு எடுத்தும், அப்போது முதலாண்டு மாணவராயிருந்த ஜேம்ஸ் ஒயிட் 1,052 யார்டுடன் அவரை முந்தினார், மான்டீ பால் 996இல் நின்றார். 2017இல் நம் சூத்திரம் முழுக் குருடாகியிருக்கும். கல்லூரியில் ஒரு தடவைகூட ஓடாத ஜோனதன் டெய்லருக்கு அது தரக்கூடியது வெறும் பச்சைத் தண்ணீர், அதாவது ஐந்து யார்டு. அவர் 1,977 யார்டு ஓடி முதலாண்டு மாணவர்களுக்கான சாதனையையே படைத்தார்.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கையும் மறக்கக் கூடாது. லூயிவில் அணியில் 2016இல் அதிக யார்டு ஓடியவர் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன், 1,571 யார்டு. பந்தை எறியுமுன் அவர் பின்னால் வீழ்த்தப்பட்டால் இழந்த தூரம், கல்லூரிக் கணக்கில், அவர் ஓடிய யார்டிலிருந்தே கழிக்கப்படும். தொழில்முறை ஆட்டத்தில் அப்படி இல்லை. எனவே அந்தக் கழிவுக்குப் பின்னும் முதலிடம் வருபவர் உண்மையில் பட்டியலில் தெரிவதைவிட அதிகமாகவே ஓடியிருப்பார்.

இத்தனையையும் ஒன்றாக்கக் கணினியில் அந்தப் பருவத்தைப் பல்லாயிரம் முறை ஆட விடுகிறோம். ஒவ்வொரு முறையும் காயம், பங்கீடு, சராசரி ஆகியவற்றுக்குத் தற்செயலான மதிப்புகளைக் கொடுத்து, எத்தனை முறை யார் முதலிடம் வந்தார் என்று எண்ணுகிறோம். அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950இல் தந்த அளவுகோல் இத்தகைய கணிப்பை மதிப்பிட உதவும்: சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியின் வர்க்கமே தண்டனை. 2015இல் கிளெமென்டுக்கு 70 விழுக்காடு என்று சொன்னவருக்கு 0.7இன் வர்க்கமான 0.49 தண்டனை, நிச்சயம் அவர்தான் என்று சொன்னவருக்கு முழு ஒன்று. இருவரும் தவறினார்கள், ஆனால் சம அளவில் தவறவில்லை.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 2018இல் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியபின் இத்தகைய கணிப்புகளைச் சுற்றிப் பணம் கொட்டுகிறது. கணக்கில் ஒரு பெரிய ஓட்டை காயத்தைப் பற்றிய அறியாமை என்று மேலே பார்த்தோம். அந்த ஓட்டையை அடைக்கும் ஆய்வு இருபது வயது இளைஞர்களின் முழங்கால்களையும் காக்கும். பந்தய நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கை அதற்கென்றே சட்டப்படி ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகர் தம் கணக்கைத் தொடங்கும்போது, அணியிலிருந்து போகிறவர்களோடு வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2021 முதல் மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் அணி மாறி உடனே ஆட முடிகிறது. விஸ்கான்சினில் 2024இல் 864 யார்டுடன் முதலிடம் பெற்ற டாவீ வாக்கர், அதற்கு முந்தைய ஆண்டு ஓக்லஹோமாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார். அப்படி வருகிறவரின் பழைய சராசரி, வேறொரு அணியில், எதிரிகளைத் தடுத்து வழி திறந்துவிடும் வரிசைக்குப் பின்னால் நின்று சேர்த்தது. ஆகவே அவர் கணக்கில் நூறுக்குப் பதிலாக இருநூறு சாதாரண ஓட்டங்களைச் சேர்ப்பதே பாதுகாப்பு என்பேன்.