மணலை உடுத்திக்கொள்ளும் பூ

அப்ரோனியா வில்லோசா என்ற பாலைவனச் செடியின் தண்டை விரலிடுக்கில் பிடித்து லேசாக உருட்டிப் பாருங்கள். பலாப்பழப் பால் பட்டதுபோல் பிசுபிசுவென்று ஒட்டும். கையை எடுத்தால் மணலும் நறநறவென்று கூடவே வரும். இந்தச் செடி மணலில் வளர்வதோடு நிற்காமல் மணலை மேலே அப்பிக்கொண்டும் வளர்கிறது. காற்று கிளப்பிவிட்ட தூசிதானே என்று ஒதுக்கிவிடலாம்போல இருக்கும். ஆனால் செடி பிழைப்பதற்கு அந்த மணல் ஒரு காரணம்.

கலிபோர்னியாவின் தென்கிழக்கு, நெவாடாவின் தெற்கு, அரிசோனாவின் மேற்கு, எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சோனோரா, பாஜா கலிபோர்னியா ஆகியவை இதன் சொந்த மண். அங்கே 'மணல் வெர்பினா' என்பார்கள். பெயர்தான் அப்படி, வெர்பினா என்ற தோட்டப் பூச்செடிக்கும் இதற்கும் உறவில்லை. இது அந்திமந்தாரைக் குடும்பம். நம் ஊர்க் காகிதப்பூவும் கீரையாகப் பறிக்கும் மூக்கிரட்டையும் இதன் பங்காளிகள். மூக்கிரட்டைக் காய் வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்தப் பிசுக்கு குடும்பச் சொத்து.

தண்டுகள் செந்நிறமாகத் தரையோடு படர்ந்து ஒரு மீட்டர் வரை ஓடும். பூங்கொத்துகள் பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் எழும்பாது. இலைகள் சதைப்பற்றுள்ளவை, எதிரெதிராக இருக்கும் இணையில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஒரு கொத்தில் 15 முதல் 35 பூக்கள் வரை இருக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளைக் கண். அவற்றில் அல்லி இதழே கிடையாது. நிறம் காட்டுவது, அந்திமந்தாரையில் போலவே, குழாயாக நீண்ட புல்லிவட்டம். மாலையில் மணம் கூடும்; பருந்து அந்துப்பூச்சிகள் வந்து நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விடும்.

மணலுக்கு வருவோம். தண்டிலும் இலையிலும் உள்ள நுண்மயிர்களின் நுனியில் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கசியும் பசையில் காற்றில் பறந்துவரும் மணல் சிக்கிக்கொள்கிறது. இதனால் செடிக்கு என்ன பயன்? ஆய்வாளர்கள் எரிக் லோபிரெஸ்டியும் ரிக் கார்பனும் இதன் நெருங்கிய உறவான, கடற்கரையில் மஞ்சளாகப் பூக்கும் அப்ரோனியா லாட்டிஃபோலியாவின் இலைகளிலிருந்து மணலைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் துடைத்த இலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கடிபட்டிருந்தன. 2016-ல் முடிவு வெளியானது. மணல் பூசிய செடி தரையோடு தரையாகக் கலந்து பூச்சியின் கண்ணுக்குத் தப்புகிறதோ என்ற சந்தேகத்தையும் அவர்கள் விடவில்லை. தரை நிறத்து மணலையும் இலை நிறத்துப் பச்சை மணலையும் ஒட்டிப் பார்த்தார்கள். நிறத்தால் வேறுபாடு ஏதும் இல்லை. ஆக, இது ஒளிந்துகொள்ளும் தந்திரமல்ல. கல் கலந்த சோற்றை யார்தான் விரும்பித் தின்பார்கள்? மணல் இலையையே தின்ன நேரும் புழுக்களுக்குத் தாடை தேய்கிறது, வளர்ச்சியும் மந்தப்படுகிறது.

மணலின் அடுத்த உதவி தண்ணீர். மணல் தன் கன அளவில் சுமார் 10 சதவீதம் நீரைத்தான் பிடித்து வைக்கும். அதனால் 25 மி.மீ. மழை பெய்தால் ஈரம் ஏறத்தாழ 25 செ.மீ. ஆழத்துக்கு இறங்கிவிடும். அதே மழை களிமண்ணில் ஏழெட்டு செ.மீ.யோடு நின்று, வெயில் ஏறியதும் ஆவியாகும். மணலில் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்துபோய், அடியிலுள்ள ஈரத்துக்கு மூடியாகிவிடுகிறது. ஆணிவேர் தேடிப் போவது அந்த ஈரத்தைத்தான். ஈரமான ஊர்களில் மணல் வறண்ட மண். பாலையில் கதை தலைகீழ்.

எந்த மழைக்கும் விதை முளைத்துவிடாது. மொஹாவி பாலையின் குளிர்கால ஓராண்டுச் செடிகளைப் பற்றித் தாவரவியலாளர் ஜேனிஸ் பீட்லி 1974-ல் எழுதியதன்படி, செப்டம்பர் கடைசிக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் நடுவே 25 மி.மீ. அளவுக்குக் கனமழை ஒன்று விழ வேண்டும். அதற்குப் பின்னும் இடையிடையே தூறல் வேண்டும். முதல் மழை பெய்து பிறகு வானம் பொய்த்தால், முளைத்தது அப்படியே கருகும். எல்லாம் கூடிவந்தால் பிப்ரவரிக்குப் பின் கலிபோர்னியாவின் அன்சா பொரேகோ பாலைவனப் பூங்காவின் மணல்வெளி ஊதாவாகிவிடும். 2017-லும் 2019-லும் அப்படிப் பூத்தபோது பூங்காவை ஒட்டிய பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் சாலைகள் கார்களால் திணறின.

இப்போது இதற்குப் பெரிய தலைவலி சகாரா கடுகு. வட ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்தக் களை 1927-லேயே கலிபோர்னியாவின் கோசெல்லா பள்ளத்தாக்கில் பதிவாகியிருக்கிறது. குறைந்த மழைக்கே முந்திக்கொண்டு முளைத்து, இடுப்பளவு உயர்ந்து, கீழே படர்வதற்கு வெயிலே படாமல் செய்துவிடும். தரையோடு கிடக்கும் செடிக்கு இதை எதிர்க்க வழியில்லை. விதை முற்றுவதற்குள் கையால் பிடுங்குவதுதான் அங்கே நடக்கும் வைத்தியம்.

தோட்டத்தில் வளர்ப்பவர்கள் தடுமாறுவது முளைப்பில். சிறகுபோல் மடிப்புகளுள்ள, காற்றில் உருளும் காய்க்குள் இருப்பது ஒரே விதை. வெறுங்காய்களும் நிறைய வரும். விரலால் அழுத்திப் பார்த்து, கனமானதைப் பிரித்து, காகிதம் போன்ற உறையை உரித்துவிட்டு விதைத்தால் முளைப்பு தெளிவாகக் கூடும். உறையோடு போட்டுவிட்டு விதை சொத்தை என்று திட்டுவதில் பொருளில்லை. இலையுதிர் காலத்தில், முழு வெயில் படும் சுத்தமான மணலில், அரை செ.மீ. ஆழத்தில் போட்டால் போதும். முளைக்கும்வரை ஈரம் காயக் கூடாது. வேர் பிடித்த பின் மேல்மணல் நன்றாகக் காய்ந்தபிறகே அடுத்த தண்ணீர். தினமும் ஊற்றினால் தண்டின் அடி அழுகிவிடும். இலை அழுக்காக இருக்கிறதே என்று பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம்.